அக்கா பதில் சொல்லும்வரை நான் திருவிருந்தில் சேரக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

என் பிரச்சினை மனசு சம்பந்தப்பட்டதா, விசுவாசம் சம்பந்தப்பட்டதா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் போதகரிடம் கேட்கலாம்தான். ஆனால் அவருக்கு எங்கள் குடும்பம் முழுவதையும் தெரியும், அக்காவையும் தெரியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள். அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா வேலைக்குப் போன நேரமெல்லாம் எனக்குத் தலை பின்னிவிட்டு, வீட்டுப்பாடம் எழுத வைத்து, காய்ச்சல் வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அக்காதான். கல்யாணமாகி நான் தூரத்துக்கு வந்துவிட்டேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையானபோது அக்காவும் அத்தானும்தான் தங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். நான் லீவு கிடைத்தால் வருவேன், இரண்டு நாள் இருப்பேன், அழுதுகொண்டே திரும்பிவிடுவேன். அம்மாவைப் புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து போடுவது எல்லாம் அக்கா கையால் நடந்தது.

அம்மா இறந்து அடக்கமெல்லாம் முடிந்த பிறகு, பீரோவைத் திறந்து அம்மாவின் சாமான்களைப் பிரித்தோம். நகையில் பாதி இல்லை. கேட்டதற்கு, "வைத்தியச் செலவுக்கு வித்துட்டோம்" என்றாள் அக்கா. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். "பென்ஷன் வருதுன்னுதானே அம்மாவை வச்சுப் பார்த்தே?" என்று கேட்டுவிட்டேன். அக்கா வாயே திறக்கவில்லை. மடியில் இருந்த அம்மாவின் சேலையை நாலாக மடித்து உள்ளே வைத்தாள். பீரோவைப் பூட்டி, சாவியை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

கொஞ்ச நாளில் அத்தான் ஆஸ்பத்திரி ரசீது, மருந்துக்கடை பில், வீட்டுக்கு வந்துபோன நர்ஸுக்குக் கொடுத்த கணக்கு எல்லாவற்றையும் படமெடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பினார். கூடவே ஒரு வரிகூட எழுதவில்லை. கூட்டிப் பார்த்தேன். நகை விற்ற பணமும் பென்ஷனும் சேர்ந்தும் போதவில்லை. மீதி அவர்கள் கைக்காசு.

அதன் பிறகு வருடங்கள் ஓடிவிட்டன. ஒரு புத்தாண்டன்று, "நான் ஏதாவது தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடு அக்கா. கர்த்தர் நம் குடும்பத்தை ஆசீர்வதிப்பாராக" என்று மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை.

இப்படியே காலம் போய்க்கொண்டிருந்தது. போன வருடம் எங்கள் சபையில், இயேசுவின் நினைவாக அப்பமும் ரசமும் பெறுகிற திருவிருந்துக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனையில் போதகர் மத்தேயு 5-ஆம் அதிகாரத்திலிருந்து பேசினார். "ஆகையால், நீ பலிபீடத்தினிடத்தில் உன் காணிக்கையைச் செலுத்த வந்து, உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில், அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய், முன்பு உன் சகோதரனோடே ஒப்புரவாகி, பின்பு வந்து உன் காணிக்கையைச் செலுத்து." இந்த வசனத்தை நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தது. அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாத விதமாய், அந்தப் பந்தியில் சேருகிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பை வரவழைத்துக்கொள்கிறான் என்று பவுல் எழுதிய கொரிந்தியர் நிருபத்தையும் சேர்த்துச் சொன்னார்.

அன்றிலிருந்து நான் சேருவதில்லை. எங்கள் வரிசை எழுந்து முன்னால் போகும்போது பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். மகள் ஒருநாள் "என்னம்மா தொலைஞ்சிருச்சு?" என்று கேட்டாள். என் கணவர், "நீதான் மெசேஜ் போட்டாச்சே, பதில் போடாதது அவங்க பாவம், நீ போய்ச் சேரு" என்கிறார். ஜெபக்குழுவில் மூத்த சகோதரி ஒருவர், "அக்கா வாயால மன்னிச்சேன்னு சொல்ற வரைக்கும் தொடாதே" என்கிறார். ராத்திரியில் அதே பாவ அறிக்கையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். சரியாகச் சொல்லவில்லையோ என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மகனுக்குக் காய்ச்சல் வந்தால்கூட, இது எனக்கு வந்த தண்டனையோ என்று நெஞ்சு படபடக்கிறது.

இன்னொன்றும் உண்டு. சின்ன வயதில் உறவினர் ஒருவர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார். யாரிடமும் சொன்னதில்லை. இந்த வசனத்தின்படி அவரிடமும் நான் போய் ஒப்புரவாக வேண்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

---

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பத்தியிலிருந்து ஆரம்பிக்கிறேன். இத்தனை பக்கம் எழுதிவிட்டு அதை மட்டும் நாலே வரியில் முடித்திருக்கிறீர்கள். அதற்கு என் பதிலும் சுருக்கமானதுதான். வேண்டாம். அவரிடம் நீங்கள் போக வேண்டியதில்லை.

உங்களைச் சமாதானப்படுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. வசனத்தை இன்னொரு தடவை நிதானமாக வாசியுங்கள். காணிக்கையோடு வந்து நிற்பவன்மேல் அவனுடைய சகோதரனுக்குக் குறை இருக்கிறது. அதாவது, எழுந்து போக வேண்டியவன் காயப்படுத்தியவன். காயப்பட்டவன் எங்கேயோ வீட்டில் இருக்கிறான். அவனைப் பார்த்து இயேசு இங்கே எதுவும் சொல்லவில்லை. உங்கள் உறவினர் விஷயத்தில் குறை யாருக்கு யார்மேல்? நடந்துவர வேண்டியவர் அவர். அவர் வந்தாலும் கதவைத் திறப்பதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு.

குறை நம் பக்கம் இருக்கும்போது சொல்லப்பட்ட வசனம் வேறு. மாற்கு 11:25-ல், நின்று ஜெபம்பண்ணும்போது ஒருவன்மேல் உங்களுக்குக் குறை இருந்தால் மன்னியுங்கள் என்று வருகிறது. அங்கே யாரையும் தேடிப் போகச் சொல்லவில்லை. நின்ற இடத்திலேயே, தேவனுக்கும் நமக்கும் நடுவில் நடப்பது அது. "உனக்கு விரோதமாய்க் குற்றஞ்செய்தால் நீ போய் அவனிடம் பேசு" என்கிற மத்தேயு 18-ஆம் அதிகாரமும் இருக்கிறதே என்று யாராவது சொல்லக்கூடும். அது சபையில் சகோதரனாக நடமாடுகிற ஒருவனைத் தட்டிக்கேட்டுத் திருத்துவதற்கான வழிமுறை. ஒரு பெரிய ஆள் ஒரு குழந்தைக்குச் செய்த கொடுமையை அந்தக் குழந்தையே வளர்ந்து போய்ச் சமாதானம் பேசித் தீர்க்க வேண்டும் என்று அதிலிருந்து எடுப்பவர்கள் வேதத்தையும் புரிந்துகொள்ளவில்லை, மனுஷரையும் புரிந்துகொள்ளவில்லை.

மன்னிப்பைப் பற்றி அதிகம் ஆராய்ந்த உளவியலாளர்களில் ஒருவர் எவரெட் வொர்த்திங்டன். அவர் ஒரு கிறிஸ்தவர். அவருடைய தாய் வீட்டுக்குள் புகுந்த திருடனால் கொல்லப்பட்டார், ஆகவே ஏட்டில் மட்டும் படித்துவிட்டுப் பேசியவர் அல்ல. பழிவாங்க மாட்டேன் என்று தீர்மானிப்பது ஒன்று, உள்ளே இருக்கும் வலியும் கோபமும் மாறுவது இன்னொன்று. இரண்டாவது நம் கட்டளைக்கு வராது, அதற்கு அதன் காலம் வேண்டும் என்று அவர் பிரித்துக் காட்டுகிறார். உறவு மீண்டும் ஒட்டுவது இந்த இரண்டுக்கும் வெளியே இருக்கிற மூன்றாவது விஷயம். அதற்கு இரண்டு பேர் வேண்டும், நம்பிக்கை வேண்டும். இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி உங்கள் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை மட்டும் கேட்கிறேன். அந்த மனிதரின் கண்பார்வையில் இன்றைக்கு ஏதாவது பிள்ளை வளர்கிறதா? அப்படியானால் இது உங்கள் பழைய கதை மட்டும் அல்ல. அந்தப் பிள்ளையைப் பெற்றவர்களுக்குத் தெரிய வேண்டும். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லையென்றால், உங்கள் பகுதியில் உள்ள உளவியல் ஆலோசகர் ஒருவரை நேரில் பாருங்கள். உங்களுக்காகவும் அது நல்லது. இதுவரை யாரிடமும் சொல்லாததை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அடுத்து இதைக் கேட்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்பவராக இருக்க வேண்டும்.

சரி, இப்போது அக்கா.

இங்கே அந்த வசனம் உங்களைத் தப்பாகத் தொடவில்லை. உங்கள்மேல் அக்காவுக்குக் குறை இருக்கிறது, அது நியாயமான குறை. உங்கள் கணவர் உங்களைக் காப்பாற்ற நினைக்கிறார், அதைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் "பதில் போடாதது அவங்க பாவம்" என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் அனுப்பிய மெசேஜை அக்காவின் இடத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். "ஏதாவது தப்பா பேசியிருந்தா." என்ன பேசினீர்கள் என்பது உங்களுக்கு ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் இருக்கிறது, எனக்கே எழுதியிருக்கிறீர்களே. அந்த ரசீதுகளைக் கூட்டிப் பார்த்ததும் எனக்குத் தெரிகிறது. அக்காவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அறிந்தவரை, நீங்கள் அன்றைக்குச் சொன்னதை இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். புத்தாண்டு நல்ல நாள் என்பதால் பொதுவாக ஒரு மன்னிப்பும் ஆசீர்வாதமும் அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு அவர் என்ன பதில் எழுத முடியும்?

2016-இல் ராய் லெவிக்கியும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும், ஒரு மன்னிப்பில் எந்தப் பகுதி உண்மையில் எடுபடுகிறது என்று சோதித்துப் பார்த்தார்கள். வருத்தம் தெரிவிப்பது, காரணம் சொல்வது, இனிச் செய்ய மாட்டேன் என்பது என்று ஆறு அம்சங்களை எடுத்துக்கொண்டார்கள். முதலிடத்தில் வந்தது, "தப்பு என்னுடையது" என்று பொறுப்பேற்பது. அடுத்தது, கெட்டதைச் சரிசெய்ய முன்வருவது. கடைசியில் நின்றது எது தெரியுமா? "மன்னிச்சிடு" என்று கேட்பது. நீங்கள் அனுப்பியதில் அந்தக் கடைசி அம்சம் மட்டும்தான் இருந்தது.

இதில் புதுமை ஒன்றும் இல்லை. இயேசு பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு லேவியராகமம் 6-ஆம் அதிகாரம் தெரியும். அயலானை ஏமாற்றியவன் முதலைத் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் குற்றநிவாரண பலி. மனுஷனோடு உள்ள கணக்கை முடிக்காமல் தேவனோடு கணக்கு முடியாது என்பது அவர்கள் ஏற்கெனவே அறிந்த ஒழுங்கு. யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவிலும், பாவநிவிர்த்தி நாள் மனுஷனுக்கும் தேவனுக்கும் நடுவில் உள்ள பாவங்களைத்தான் நீக்கும், அயலானுக்குச் செய்ததை அவனைச் சமாதானப்படுத்தாமல் நீக்காது என்று இருக்கிறது. இயேசுவைப் பார்க்க மரமேறிய வரிவசூல்காரன் சகேயு இறங்கியதும் கண்ணீர் விட்டதாக லூக்கா எழுதவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்று கணக்குத்தான் சொன்னான்.

மத்தேயு 5-இல் இயேசு அந்த ஒழுங்கை இன்னும் ஒரு படி இறுக்குகிறார். அவர் பேசியது கலிலேயாவில். பலிபீடம் இருந்தது எருசலேமில். இடையில் நூறு கிலோமீட்டருக்கு மேல். நடந்தால் மூன்று நான்கு நாளாவது ஆகும். அத்தனை தூரம் வந்து, வரிசையில் நின்று, முறை வந்தபிறகு ஞாபகம் வந்தால் காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் போ என்றால், கேட்டவர்கள் சிரித்திருக்கவும் கூடும், திடுக்கிட்டிருக்கவும் கூடும். அந்தச் செலவும் அலைச்சலும்தான் வசனத்தின் கனம். ஒரு விரல் அழுத்தலில் போகிற மெசேஜ் அந்தக் கனத்துக்குப் பக்கத்தில்கூட வராது.

ஆகவே போங்கள். ஆனால் முதலில் கடிதமாக எழுதுங்கள். பேசப் பிடிக்காதவர் வீட்டு வாசலில் திடீரென்று போய் நிற்பது, காயப்பட்டவர்மேல் இன்னொரு பாரத்தை ஏற்றுவது. கடிதத்தை அவர் வேண்டும்போது திறக்கலாம், வேண்டாமென்றால் மூடி வைக்கலாம். இப்படி ஆரம்பித்துப் பாருங்கள், உங்கள் வார்த்தையில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"அக்கா, அன்னைக்குப் பெரியப்பா எல்லாரும் இருக்கும்போது, பென்ஷனுக்காகத்தான் அம்மாவைப் பார்த்தேன்னு உன்னைச் சொன்னேன். அது பொய். அத்தான் அனுப்பின ரசீதைக் கூட்டிப் பார்த்தேன். நீங்க ரெண்டு பேரும் உங்க பணத்தையும் போட்டுத்தான் அம்மாவைப் பார்த்திருக்கீங்க. நான் பார்க்காததை எல்லாம் நீ பார்த்தே. என்னால வர முடியலேங்கிற குற்ற உணர்வை உன்மேல் கோபமாக் கொட்டிட்டேன். பெரியப்பாகிட்டேயும் மத்தவங்ககிட்டேயும் நானே போய், நான் சொன்னது தப்புன்னு சொல்றேன். செலவில் என் பங்கைத் தர விரும்புறேன். நீ பதில் எழுதணும்னு இல்லை."

குற்ற உணர்வைப் பற்றிய அந்த வரி என் ஊகம். ஆனால் "அழுதுகொண்டே திரும்பிவிடுவேன்" என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது அப்படித்தான் தோன்றியது. தூரத்தில் இருக்கும் பிள்ளைகள், பக்கத்தில் இருந்து பார்த்த பிள்ளையிடம் சாவுக்குப் பிறகு சண்டை பிடிப்பதை ஆலோசனை அறையில் நிறையப் பார்க்கிறோம். கணக்குக் கேட்பது போல வெளியில் தெரியும்; உள்ளே இருப்பது "நான் இல்லாமல் போனேனே" என்பது. உங்களுக்கு அது பொருந்தாவிட்டால் வரியை எடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் வரவே கூடாது. "என்கிட்டே சொல்லாம வித்தது தப்புதானே" என்ற பாதிக் கணக்கு. அதில் நியாயம் இருந்தாலும் இப்போது அதற்கு நேரம் இல்லை. அப்புறம், வசனம். அக்காவுக்கும் பைபிள் தெரியும். மூன்றாவது, நீங்கள் திருவிருந்தில் சேராமல் இருப்பது. அதைச் சொன்ன நிமிஷமே முழுக் கடிதமும் கெட்டுப்போகும். பந்தியில் சேருவதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வந்திருக்கிறாள் தங்கை என்று அவருக்குப் படும், அப்படிப் பட்டால் தப்பும் இல்லை. ஜெபக்குழு சகோதரி சொன்ன யோசனையில் எனக்குள்ள பெரிய குறையும் இதுதான். அக்காவின் வாயிலிருந்து ஒரு வார்த்தையைக் கறக்க வேண்டும் என்று போனால், நீங்கள் அக்காவுக்காகப் போகவில்லை.

பெரியப்பா குடும்பத்திடம் போய்ச் சொல்வதுதான் உங்களுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருக்கும். தனியாக அக்காவிடம் அழுவது அதைவிட எளிது. ஆனால் பழி போட்டது நாலு பேர் முன்னால், அது துடைக்கப்பட வேண்டியதும் அந்த நாலு பேர் முன்னால்தான். அக்கா பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் இதை உங்களால் செய்ய முடியும். செலவில் பங்கு விஷயமும் அப்படியே. அவர்கள் வாங்க மறுக்கலாம். அப்படியானால் திணிக்காதீர்கள்.

அதன் பிறகும் மௌனம்தான் என்றால்?

அப்போது நீங்கள் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்துவிட்டீர்கள். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுல் ரோமர் 12:18-இல் எழுதும்போது, கூடாமல் போகிற சந்தர்ப்பம் உண்டு என்பதையும் சேர்த்தேதான் எழுதுகிறார். உங்கள் கேள்வி புதிதும் அல்ல. இங்கிலாந்துத் திருச்சபையின் 1662-ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தில், திருவிருந்து ஒழுங்குக்கு முன்னால் குருமாருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. பகையோடு இருக்கிற இரண்டு பேரை, ஒப்புரவாகும்வரை பந்தியில் சேர்க்கக் கூடாது என்கிறது அது. உங்கள் ஜெபக்குழு சகோதரி இதோடு நிறுத்திவிடுவார். குறிப்பு நிற்கவில்லை. ஒருவர் மனதார மன்னித்து, தான் செய்த தப்புக்கு ஈடுசெய்யவும் ஆயத்தமாக இருந்து, மற்றவர் இணங்கவில்லை என்றால், மனந்திரும்பியவரைச் சேர்க்க வேண்டும் என்று அது தொடர்கிறது. எதிராளியின் முடிவு உங்கள் ஆத்துமாவுக்குப் பூட்டாக இருக்க முடியாது என்பது அத்தனை நூற்றாண்டுக்கு முன்பே சபைக்குத் தெரிந்திருந்தது. அந்தக் குறிப்பு இணங்காதவரைப் பிடிவாதக்காரர் என்று கடிந்துகொள்ளவும் செய்கிறது. அந்தப் பாதியை மட்டும் தயவுசெய்து அக்காமேல் வைத்துப் பார்க்காதீர்கள். அவர் இன்னும் வலியில் இருக்கிறார், அவ்வளவுதான்.

ஒப்புரவு என்றால் பழையபடி ஒட்டிக்கொள்வது என்றும் எதிர்பார்க்க வேண்டாம். பகைத்துப் பிரிந்திருந்த சகோதரர்கள் யாக்கோபும் ஏசாவும் கட்டிக்கொண்டு அழுத காட்சி எல்லாருக்கும் தெரியும். அதற்கு அடுத்து வருவதை யாரும் பிரசங்கிப்பதில்லை. ஏசா, "வா, சேர்ந்து போவோம்" என்கிறான். யாக்கோபு, பிள்ளைகள் இளசுகள், மந்தை மெதுவாகத்தான் வரும், நீர் முன்னே போம், நான் உம்முடைய இடமான சேயீருக்கு வந்து சேருகிறேன் என்கிறான். அப்புறம் சேயீருக்குப் போகாமல் சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொள்கிறான் (ஆதியாகமம் 33). பிறகு ஈசாக்கு இறந்தபோது இரண்டு பிள்ளைகளும் சேர்ந்து அடக்கம்பண்ணுகிறார்கள். பகை போய்விட்டது, இடைவெளி இருந்தது. உங்களுக்கும் அக்காவுக்கும் அந்த அளவு வாய்த்தாலே பெரிய காரியம்.

இனி கொரிந்தியர். அந்த நிருபத்தை வைத்துப் பயமுறுத்துகிறவர்கள், அங்கே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை. வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடித்தார்கள், இல்லாதவர்கள் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே பந்தியில் இருந்துகொண்டு ஏழைச் சகோதரனை வெட்கப்படுத்தியதுதான் பவுலின் கோபத்துக்குக் காரணம். அவர் சொன்ன தீர்வைப் பாருங்கள்: "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து, புசிக்கச் சொல்கிறார். சோதித்துவிட்டு எட்டி உட்காரச் சொல்லவில்லை. ஆயத்தம் என்பது வருவதற்காகச் செய்வது. நீங்கள் ஒரு வருடமாக ஆயத்தத்தை மட்டுமே செய்துகொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே கடிதத்தை அனுப்பி, பெரியப்பா வீட்டுக்கும் போய் வந்த பிறகு, போதகரிடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். அவருக்கு அக்காவைத் தெரியும் என்பதால் தயங்குகிறீர்கள். ஆனால் அதற்குள் பெரியப்பா குடும்பத்துக்கே சொல்லியிருப்பீர்கள், போதகரிடம் மறைக்க என்ன மிச்சம் இருக்கும்? பந்தியில் சேர்ப்பது அவர் பொறுப்பு, அவர் வாயால் "வா" என்று கேட்பது உங்களுக்கும் தேவை. அக்காவிடம் தூது போகும்படி மட்டும் அவரைக் கேட்காதீர்கள்.

கடைசியாக, இரவில் நடப்பது. நீங்கள் மனநலமா விசுவாசமா என்று கேட்டீர்களே, இந்தப் பகுதி மனநலம். செய்த தப்பைக் குறித்து மனசு குத்துவது ஆரோக்கியமானது. அது ஒரு செயலைக் காட்டும், அதைச் சரிசெய்தால் தணியும். ஒரே ஜெபத்தைத் திரும்பச் சொல்வது, சரியாகச் சொன்னேனா என்று சோதிப்பது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பது, இதெல்லாம் வேறு. சொன்னதும் கொஞ்ச நேரம் ஆறுதல் வரும், பிறகு பயம் முன்னைவிட அதிகமாகத் திரும்பும். எண்ணச் சுழற்சி நோய் (OCD) என்று நாங்கள் சொல்வதற்கு இப்படி ஒரு பக்தி முகமும் உண்டு. திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த நாட்களில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார், அவருக்கு வழிகாட்டியாக இருந்த ஸ்டௌபிட்ஸ் சலித்துப்போகும் அளவுக்கு. உங்களுக்கு அந்த நோய் இருக்கிறது என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல மாட்டேன். அக்கா விஷயத்தில் செய்ய வேண்டியதைச் செய்து முடித்த பிறகும் அந்தச் சுழல் நிற்கவில்லையென்றால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். பயத்தை வரவிட்டு, ஜெபத்தைத் திரும்பச் சொல்லாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை இருக்கிறது, தேவைப்பட்டால் மருந்தும் இருக்கிறது. இப்போதைக்கு, பாவ அறிக்கையை ஒரு தடவை, சத்தமாக, ஆமென் வரைக்கும் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் வரட்டும், மறுபடி ஆரம்பிக்காதீர்கள். மகனுக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று கேட்ட சீஷர்களுக்கு இயேசு என்ன சொன்னார் என்பதை யோவான் 9-இல் வாசியுங்கள். அவன் செய்ததும் அல்ல, அவனைப் பெற்றவர்கள் செய்ததும் அல்ல என்றார்.

கடிதத்தையும் பணத்தையும் ஒரே நாளில் அனுப்ப வேண்டாம், கணக்குத் தீர்க்கிறாள் என்று படும். முதலில் கடிதம் போகட்டும். அது போய்ச் சேர்ந்த ஒரு வாரத்துக்குள் பெரியப்பா வீட்டுக்குப் போய் வந்துவிடுங்கள். போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த ரசீதுகளை நீங்கள் அங்கே வாசிப்பதை அவரும் உட்கார்ந்து கேட்டால், "அவங்க பாவம்" என்று அதன் பிறகு சொல்ல மாட்டார் என்று நினைக்கிறேன்.